முதல் புள்ளிக்கு முன்னும் பின்னும்: டென்னிஸைத் தொழிலாக எடுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும்

வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் கல்யாண வரவேற்புக்குக்கூடக் கிளம்புவதில்லை. அக்கா மகன் டென்னிஸைத் தொழிலாக எடுத்த நாலு வருடமாக இதுதான் வழக்கம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அவன் வந்து, "மாமா, ரெண்டு வருஷம் புரோவா ஆடிப் பாக்கறனுங்க" என்றான். அவன் அப்பாவால் கடையை விட்டு நகர முடியாது. அக்காவுக்கு நீண்ட பயணம் ஒத்துக்கொள்ளாது. பெட்டி தூக்கும் வேலை எனக்கு வந்தது. எந்தப் படிவத்தை எங்கே நிரப்புவது என்பதில் தொடங்கி, தோற்ற இரவில் என்ன பேசக்கூடாது என்பது வரை ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டோம். கோவையில் எங்கள் மைதானத்துக்கு வரும் பெற்றோர் இப்போது என்னிடம் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுப் பிள்ளைகள் எதிரில் நிற்பவனிடம் தோற்றுத் தொழிலை விட்டு நான் பார்த்தது குறைவு. ஆட வேண்டாத வாரத்தில் ஆடி, பணம் தீர்ந்து, ஆறாத காயத்தோடு அடுத்த விமானம் ஏறி விட்டவர்கள்தான் அதிகம். ஆகவே ஃபோர்ஹேண்ட் அடிப்பது எப்படி என்று இங்கே எதுவும் இருக்காது. அதைச் சொல்லக் கோச் இருக்கிறார்.

இறங்கலாமா என்று பார்ப்பது

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். நடத்தும் ஜூனியர் சுற்றில் 13 வயதிலிருந்து, 18 நிறையும் ஆண்டு முடிய ஆடலாம். போட்டிகளின் படிகள் ஜே30 தொடங்கி ஜே60, ஜே100, ஜே200, ஜே300, ஜே500 என்று ஏறும். உச்சியில் கிராண்ட்ஸ்லாம் ஜூனியர். பதினேழு வயதில் இருப்பவர்கள் இதை அவசரப்பட்டு உதறிவிடாதீர்கள். உலக ஜூனியர் தரவரிசையில் முதல் 100க்குள் வந்துவிட்டால் தொழில்முறையின் முதல் படியான எம்15 (ஆண்கள்), டபிள்யூ15 (பெண்கள்) போட்டிகளின் மெயின் டிராவில், அதாவது முக்கியச் சுற்றில், அவர்களுக்கென்றே ஒதுக்கிய இடங்கள் உண்டு. தகுதிச்சுற்றில் மூன்று நாள் முட்டி மோதாமல் நேராக உள்ளே போகலாம். அது எவ்வளவு பெரிய மிச்சம் என்பது வெளியூர் ஓட்டல் வாடகை கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

ஜூனியரில் ஜெயித்துவிட்டான், அதனால் தயார் என்று நினைப்பது பொதுவான தவறு. நான் சொல்லும் சோதனை எளிது. மூன்று மாதம் உள்நாட்டுப் பெரியவர்கள் பரிசுப்பணப் போட்டிகளில் ஆடவிடுங்கள். அங்கே 27, 28 வயது ஆட்கள் இருப்பார்கள். பந்தைப் பளபளவென்று அடிக்கமாட்டார்கள். ஆனால் ஒன்றைக்கூடச் சும்மா தரமாட்டார்கள். மே மாத வெயிலில் அப்படிப்பட்டவரோடு இரண்டரை மணி நேரம் நின்று, மறுநாள் காலையும் எழுந்து ஆடி ஜெயிக்கிற பிள்ளை தயார். முதல் நாள் ஜெயித்து மறுநாள் உடம்பு வலியில் தோற்றால் இன்னும் ஆறு மாதம் உடற்பயிற்சி தேவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வாசல் அமெரிக்கப் பல்கலைக்கழகம். நம் ஊரில் இதைத் தோற்றவர்களின் வழி என்று நினைக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் மனசு பதறும். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 2007, 2008 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான ஒற்றையர் பட்டத்தை வென்றார். படிப்பை முடித்த பிறகுதான் தொழில்முறைக்கு வந்தார். 2009 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபனில் வைல்ட்கார்டு (தரவரிசை பார்க்காமல் நடத்துகிறவர்கள் தரும் நேரடி இடம்) வாங்கி, கார்லோஸ் மோயாவையும் இவோ கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதிப்போட்டி வரை போனார். 2011-ல் உலகத் தரவரிசையில் 62-ஆம் இடம். ஜீவன் நெடுஞ்செழியனும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு வந்தவர்தான்.

நாலு வருடம் இலவச மைதானம், கோச், ஃபிசியோ, ஜிம், வாராவாரம் போட்டி, கையில் ஒரு பட்டம். 18 வயதில் ஜூனியர் முதல் 100க்குள் இல்லாத, ஓரளவு மதிப்பெண் எடுக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே எச்சரிக்கை: பரிசுப்பணம் வாங்குவது, ஏஜென்ட்டிடம் கையெழுத்துப் போடுவது பற்றிக் கல்லூரி விளையாட்டுக்குத் தனி விதிகள் உண்டு, அவை அடிக்கடி மாறுகின்றன. கல்லூரி எண்ணம் கொஞ்சம் இருந்தாலும், முதல் காசோலை வாங்கும் முன்பே சேர நினைக்கும் பல்கலைக்கழகக் கோச்சுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

வயது வரம்பு இருக்கிறது. 14 நிறையாதவர்கள் தொழில்முறைப் போட்டியில் ஆட முடியாது. பெண்களுக்கு 18 ஆகும்வரை வருடத்துக்கு இத்தனை போட்டிதான் என்று பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவின் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-ல் 13 வயதில் தொழில்முறைக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே மனமும் உடம்பும் ஓய்ந்து ஒதுங்கியதைப் பார்த்த பிறகு, 1995-ல் கொண்டுவந்த விதி அது. கேப்ரியாட்டி மீண்டு வந்து 2001-ல் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். ஆனால் நடுவில் போன வருடங்கள் போனவைதான். விதியைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாதீர்கள்.

காகிதங்கள்

ஐபின் என்பது ஐ.டி.எஃப். தரும் ஆட்டக்காரர் எண். இணையத்தில் பதிந்து, ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டும். அது இல்லாமல் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்க முடியாது.

பதியும்போது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரும் சிக்கல் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பான் கார்டில் வேறு வரிசை. ஐபின்னில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்; வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்கட்டும். எங்களுக்கு ஒருமுறை பரிசுப்பணம் பெயர்ப் பொருத்தம் இல்லை என்று திரும்பிப் போய், வந்து சேர இரண்டு மாதம் ஆனது.

பாஸ்போர்ட் எடுக்கும்போது 36 பக்கப் புத்தகம் வேண்டாம், 60 பக்கம் கேளுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து அழைப்புக் கடிதம் வாங்கலாம். ஆனால் கடிதம் வந்த பிறகு விண்ணப்பித்தால் நேரம் போதாது. எந்த மாதம் ஐரோப்பா என்று முன்பே முடிவு செய்து, நேர்காணல் நாளை முதலில் பிடியுங்கள்.

டென்னிஸ் நேர்மை அமைப்பு நடத்தும் ஆன்லைன் பாடம் ஒன்று கட்டாயம். பிள்ளை வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் போனில் விளையாடாமல், பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். அதில் சொல்வது உண்மையில் நடக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த வாரம், எந்த ஊர்

ஆண்களுக்கு அடிப்படை எம்15, அதற்கு மேல் எம்25. பிறகு ஆண்கள் தொழில்முறைச் சங்கமான ஏ.டி.பி. நடத்தும் சாலஞ்சர்: 50, 75, 100, 125, 175. பெண்களுக்கு டபிள்யூ15, 35, 50, 75, 100 என்று போகும். இந்த எண்கள் சாம்பியனுக்குக் கிடைக்கும் புள்ளிகள் என்று நினைவில் வைத்தால் குழப்பமில்லை. எம்15 வென்றால் 15 புள்ளி. இறுதியில் தோற்றால் 8, அரையிறுதி 4, காலிறுதி 2, இரண்டாம் சுற்று 1. முதல் சுற்றில் தோற்றால் ஒன்றுமில்லை. ஆண்களுக்கு ஒரு புள்ளி வந்ததும் தரவரிசையில் பெயர் ஏறிவிடும். பெண்களுக்கு மூன்று போட்டிகளில் புள்ளி எடுக்கவேண்டும், அல்லது மொத்தம் 10 புள்ளி சேரவேண்டும்.

இப்போது அந்த வியாழக்கிழமை. ஐ.டி.எஃப். போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நேரம், போட்டி தொடங்கும் திங்களுக்கு 18 நாள் முந்தைய வியாழன், கிரீன்விச் நேரம் மதியம் 2 மணி. நமக்கு இரவு 7.30. விலகிக்கொள்ளக் கடைசி நேரம் 13 நாள் முந்தைய செவ்வாய், அதே மணி. ஒரே வாரத்துக்குப் பல ஊர்களில் முன்னுரிமை வரிசைப்படி பெயர் கொடுத்து வைக்கலாம். பட்டியல் வந்ததும், எங்கே மெயின் டிராவில் இடம் இருக்கிறது, எங்கே தகுதிச்சுற்று, எங்கே காத்திருப்போர் வரிசை என்று பார்த்து, செவ்வாய்க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதிலிருந்து விலகவேண்டும். அதற்குப் பிறகு விலகினால் அபராதம் வரை போகும்.

முதல் வருடம் ஒரு வியாழன், மின்தடையில் மோடம் அணைந்து, போனில் கடவுச்சொல் மறந்து, 7.34-க்கு உள்ளே நுழைந்தோம். அந்த வாரம் பெங்களூருவில் நடந்த போட்டி கைவிட்டுப் போனது. பஸ்ஸில் போய் ஆடியிருக்கவேண்டிய போட்டி அது. அன்றிலிருந்து புதன் இரவே பெயர் கொடுத்துவிட்டு, வியாழன் ஏழரைக்குச் சரிபார்க்க மட்டும் உட்காருகிறோம்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து இது. முதல் வருடம் இந்தியாவில் நடக்கும் எல்லா ஐ.டி.எஃப். போட்டிகளையும் முதலில் காலண்டரில் குறியுங்கள். விசா கிடையாது, சாப்பாடு பிரச்சினை கிடையாது, செலவு மூன்றில் ஒரு பங்கு. இடைவெளி விழும் மாதத்துக்கு வெளிநாட்டுத் தொடர் ஒன்று. துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக், துருக்கியின் அன்டால்யா ஆகிய ஊர்களில் 15 ஆயிரம் டாலர் போட்டிகள் வாரக்கணக்கில் தொடர்ந்து நடக்கும். விமானம் ஒருமுறை, போட்டி மூன்று முறை. ஆனால் நாலாவது வாரம் நீட்டிக்காதீர்கள். ஒரே வளாகத்தில் படுத்து, ஒரே சாப்பாடு சாப்பிட்டு, ஒரே முகங்களிடம் தோற்றுக்கொண்டிருந்தால் நாலாவது வாரத்தில் பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் இருக்காது. நான் பார்த்திருக்கிறேன்.

வைல்ட்கார்டு கேட்பதில் கூச்சப்படாதீர்கள். மாநிலச் சங்கத்துக்கும் போட்டி இயக்குநருக்கும் முறையாக எழுதுங்கள். இத்தாலியின் யானிக் சின்னர் 2019 பிப்ரவரியில் தரவரிசையில் 500-க்கும் வெளியே இருந்தபோது பெர்கமோ சாலஞ்சரில் வைல்ட்கார்டு பெற்று, 17 வயதில் பட்டத்தையே வென்றார். எல்லோருக்கும் அப்படி நடக்காது. ஆனால் தகுதிக்கு மேலான ஒரு போட்டியில் நின்று பார்ப்பது, தனக்கு எது போதவில்லை என்பதை ஒரே மதியத்தில் காட்டிவிடும்.

பணம்

எம்15 ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர். பட்டம் வென்றால் 2,160 டாலர். இரண்டிலும் வரி பிடிப்பார்கள்.

எங்கள் நோட்டிலிருந்து ஒரு பயணம். மொனாஸ்டிரில் மூன்று வாரம், அவன் மட்டும் தனியாகப் போனது. விமானம், அறையும் சாப்பாடும், ஸ்ட்ரிங், பயணக் காப்பீடு எல்லாம் சேர்த்து ரூ. 2,30,000-க்குப் பக்கம். மூன்று வாரமும் மெயின் டிராவில் முதல் சுற்றில் தோற்றிருந்தால் 468 டாலர் வரும். சுமார் 40,000 ரூபாய். அவன் ஒரு வாரம் காலிறுதி வரை போனான், அதற்கு 438 டாலர். அப்படியும் கைப்பணம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிற்று. இதுதான் ஒரு நல்ல பயணத்தின் கணக்கு.

ஐ.டி.எஃப். அமைப்பே 2013-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஆராய்ந்தபோது, கோச் செலவைச் சேர்க்காமலே, வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் 336, பெண்களில் 253 என்று வந்தது. உலகில் முந்நூற்றைம்பதாவது சிறந்த ஆட்டக்காரன் கையிலிருந்து பணம் போட்டு ஆடுகிறான் என்று பொருள். ஏ.டி.பி. 2024-ல் கொண்டுவந்த குறைந்தபட்ச வருமானத் திட்டமும் முதல் 250 பேருக்குத்தான். அதற்குக் கீழே நிற்பவர்களுக்குக் குடும்பம்தான் திட்டம்.

சுமித் நாகல் 2023 செப்டம்பரில் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு கோச்சோடு மட்டும் பயணம் செய்தாலே வருடத்துக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி ஆகிறது என்றும் சொன்னார். அப்போது அவர் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரர். நாலே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச்சுற்றைத் தாண்டி, அலெக்சாண்டர் பப்ளிக்கை வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் சீடு பெற்ற (போட்டியின் முன்னணி வரிசையில் வைக்கப்பட்ட) ஒருவரை ஓர் இந்தியர் வென்றது, 1989-ல் ரமேஷ் கிருஷ்ணன் மாட்ஸ் விலாண்டரை வென்ற பிறகு அதுவே முதல்முறை. இரண்டாம் சுற்றுக்கு வந்ததற்குப் பரிசு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். பிப்ரவரியில் சென்னை சாலஞ்சரை வென்று முதல் 100-க்குள் நுழைந்தார். செப்டம்பரில் பணம் இல்லை என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த ஜனவரி இல்லை. அந்த நாலு மாதத்தைத் தாண்டப் பணம் வைத்திருப்பதுதான் திட்டமிடல் என்று நான் சொல்வது.

செய்யவேண்டியவை. மூன்று வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று குடும்பமாக உட்கார்ந்து ஒரு தொகையை எழுதுங்கள். வீட்டுப் பத்திரமும் தங்கச்சி கல்யாண நகையும் அந்தத் தொகைக்குள் வரக்கூடாது. பிள்ளைக்கு அந்தத் தொகை தெரியட்டும். ஆனால் ஒவ்வொரு போட்டிக்கும் எவ்வளவு போயிற்று என்று சொல்லாதீர்கள். பிரேக் பாயிண்ட் போன்ற இக்கட்டான புள்ளியில் அந்த எண் நினைவுக்கு வந்தால் கை இறுகும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் வீரர்களுக்கான உதவித்தொகைத் திட்டங்கள் உண்டு. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பிக்கலாம். பதக்கச் சான்றிதழ், தரவரிசைப் பக்கம், செலவு ரசீதுகள் மூன்றையும் தேதி வாரியாகக் கோப்பில் வைத்திருந்தால் விண்ணப்பம் ஒரு நாள் வேலை. ராக்கெட் கம்பெனிகள் தொடக்கத்தில் பொருள்தான் தருவார்கள், பணம் தரமாட்டார்கள். அதுவே பெரிய உதவி. ஆனால் எத்தனை வருடத்துக்கு என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளிநாட்டில் பிடித்த வரிக்கு ஒவ்வொரு முறையும் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஆடிட்டர் கேட்கும்போது அந்த ஊர் அலுவலகத்துக்கு எழுதி வாங்க முடியாது.

முதல் போட்டி வாரம்

தகுதிச்சுற்று ஆடுகிறவர் முந்தின நாள் மாலை நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். நேரம் முடிந்த பிறகு ஓடி வருகிறவரை யாரும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். விமானம் தாமதமாகும் என்று வைத்துக்கொண்டே, ஒரு நாள் முன்னதாகப் போய் இறங்குங்கள்.

தகுதிச்சுற்றில் இரண்டு செட். ஆளுக்கொன்று வந்தால் மூன்றாவது செட் கிடையாது, பத்துப் புள்ளி டைபிரேக். ஜூனியரில் மூன்றாவது செட்டில் மெதுவாக மேலே வந்து ஜெயித்துப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. வீட்டில் பயிற்சி ஆட்டங்களையும் இரண்டு மாதம் இப்படியே ஆடட்டும். பெரும்பாலான தகுதிச்சுற்று ஆட்டங்களில் நாற்காலி நடுவர் இருக்கமாட்டார். கோட்டுப் பந்தை ஆட்டக்காரர்களே சொல்லவேண்டும். எதிராளி தப்பாக "அவுட்" சொன்னால் கத்தாமல், அடுத்த பந்து போடும் முன்பே சுற்றி வரும் நடுவரைக் கூப்பிடச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் பையன் முதல் போட்டியில் அந்த டைபிரேக்கில் 7-6 இருந்தபோது ஒரு பந்தை அப்படி விட்டுக்கொடுத்தான். "சண்டை போட வேண்டாமுன்னு விட்டுட்டேனுங்க மாமா" என்றான். அதன் பிறகு மூன்று புள்ளி அவன் அந்தப் பந்தையே நினைத்துக்கொண்டு ஆடினான். ஆட்டம் போய்விட்டது.

பையில் என்ன இருக்கவேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்தது நாலு ராக்கெட். ஊருக்கு ஊர் பந்து மாறும், வெயில் மாறும். ஆகவே இரண்டில் ஸ்ட்ரிங் வழக்கமான இறுக்கம், ஒன்றில் இரண்டு பவுண்டு குறைவு, ஒன்றில் இரண்டு பவுண்டு அதிகம். ஒவ்வொன்றின் கழுத்திலும் சின்னத் துண்டு டேப் ஒட்டி, தேதியும் பவுண்டும் எழுதிவிடுங்கள். ஸ்ட்ரிங் சுருளை இங்கிருந்தே கொண்டுபோனால் அங்கே கூலி மட்டும்தான். உப்புச் சர்க்கரைப் பொடி, தையல் ஊசி, கால் கொப்புளத்துக்கு டேப், துணி காயப்போட ஒரு கயிறு. சின்ன ரைஸ் குக்கரும் இரண்டு கிலோ பொன்னி அரிசியும் எங்கள் பெட்டியில் எப்போதும் உண்டு. ஆட்டத்துக்கு முந்தின இரவு வீட்டுச் சாப்பாடு வயிற்றுக்குள் போனால் தூக்கம் வருகிறது. இதைக் கோச்சுகள் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன்.

பயிற்சி ஆட்டத்துக்குக் கூட்டாளி தேடுவதும் அந்த வார வேலைதான். வந்த முதல் நாளே அறிவிப்புப் பலகை அருகே நின்று, தன்னைவிட மேலே இருப்பவரிடம் போய் அரை மணி நேரம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். இரட்டையருக்குக் கூட்டாளி கிடைப்பதும் அப்படித்தான். இரட்டையரை ஒதுக்காதீர்கள், ஒற்றையரில் திங்களன்றே தோற்றவனுக்கு வாரம் முழுக்க ஆட்டம் கிடைக்க அது ஒன்றுதான் வழி. அதையே தொழிலாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024-ல் ஹாங்சோவில் ஏ.டி.பி. இரட்டையர் பட்டம் வென்றார்கள். எங்கள் ஊர் ஸ்ரீராம் பாலாஜி அதே வருடம், 34 வயதில், ரோகன் போபண்ணாவோடு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார்.

முதல் புள்ளி வந்த பிறகு

எங்களுக்கு அது பதினாலாவது போட்டியில் வந்தது. போனில் தன் பெயருக்கு நேரே நாலிலக்க எண்ணைப் பார்த்து அவன் அழுதான். அக்கா ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். கொண்டாடுங்கள், அது நியாயம்.

ஆனால் ஒரு புள்ளியின் ஆயுள் 52 வாரம். அடுத்த வருடம் அதே வாரம் அது விழுந்துவிடும். ஆகவே காலண்டரில் வரும் வாரங்களைக் குறிக்கும்போது, எந்த வாரம் எவ்வளவு விழப்போகிறது என்பதையும் பக்கத்தில் சிவப்பில் எழுதுங்கள். புள்ளி விழும் வாரத்துக்கு முன்னால் பதற்றத்தில் ஐந்து வாரம் தொடர்ந்து ஆட நினைப்பார்கள். அப்போதுதான் தோள் போகும்.

எம்15-லிருந்து எப்போது மேலே போவது? அங்கே மூன்று மாதத்தில் இரண்டுமுறை அரையிறுதிக்கு வந்துவிட்டால், எம்25-க்கும் சாலஞ்சர் தகுதிச்சுற்றுக்கும் பெயர் கொடுக்கலாம் என்பது எங்கள் கோச் வைத்த கணக்கு, எனக்கும் சரியாகப் படுகிறது. மேலே போய் நாலு வாரம் வரிசையாகத் தோற்றால் ஒரு வாரம் கீழே வந்து ஜெயிக்கட்டும். ஜெயிக்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. எட்ட வேண்டிய அடுத்த வாசல் கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்று. 2025 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 35,000 ஆஸ்திரேலிய டாலர். அந்த ஒரு ஆட்டம் அந்த வருடத்தின் கோச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கட்டிவிடும்.

வேகத்தை வைத்துப் பிள்ளையை அளக்காதீர்கள். கார்லோஸ் அல்கராஸ் 14 வயதில் முதல் புள்ளி எடுத்து 19-ல் உலகின் முதலிடம். கோவையின் மாயா ராஜேஷ்வரன் 15 வயதில், 2025 பிப்ரவரியில், தகுதிச்சுற்றிலிருந்து வந்து மும்பை டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியின் அரையிறுதியில் நின்றாள். அந்த வாரம் எங்கள் மைதானத்தில் பெண் குழந்தைகள் கூட்டம் இரண்டு மடங்கானது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனையும் பாருங்கள். முழங்கால் காயத்தில் பல வருடங்கள் போயின. 29 வயதில், 2019-ல், முதல் 100-க்குள் வந்தார். ஏப்ரலில் 75-ஆம் இடம். அந்த வருடம் நாலு கிராண்ட்ஸ்லாமிலும் மெயின் டிராவில் ஆடினார்.

உடம்பு

வலி மூன்று நாளைக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் ஆட்டம் நிற்கவேண்டும். அடுத்த விமானச் சீட்டு வாங்கியிருந்தாலும். இந்த வயதில் முதுகு, முழங்கால், மணிக்கட்டு எலும்புகளில் விழும் நுண்விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். விளையாட்டுக் காயம் பார்க்கும் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். வருடத்தில் ஆறு வாரமாவது போட்டியே இல்லாத பயிற்சிக் காலம் ஒதுக்குங்கள்.

ஜிம்மில் யாரோ கொடுக்கும் பவுடரும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். இருமல் சிரப் கூட ஊக்கமருந்துப் பட்டியலில் பார்த்த பிறகுதான். மெலட்டோனின் தூக்க மாத்திரையில் கலந்திருந்த பொருளால் முன்னணி வீராங்கனை இகா ஷ்வியாடெக் 2024-ல் ஒரு மாதத் தடை ஏற்றார். ஃபிசியோ தன் விரல் காயத்துக்கு அடித்த ஸ்பிரே வழியாகச் சின்னர் உடம்புக்குள் மருந்து போய், 2025-ல் மூன்று மாதத் தடையில் முடிந்தது. அவர்களிடம் வக்கீல்களும் ஆய்வுக்கூடங்களும் இருந்தன. நம்மிடம் இல்லை.

போனில் வரும் ஆட்கள்

சொல்வதாகச் சொன்னது இதுதான். சின்னப் போட்டிகளின் ஸ்கோர்களும் நேரலையாகப் போகின்றன; அவற்றின் மேல் உலகெங்கும் பந்தயம் கட்டுகிறார்கள். தோற்றவுடன் முன்பின் தெரியாத கணக்குகளிலிருந்து தாயைப் பழித்து, உயிருக்கு மிரட்டி, வசைகள் வரும். இதை எதிர்பார்க்காத பிள்ளை உடைந்துபோவான். போட்டி வாரத்தில் முன்பின் தெரியாதவர்களின் செய்திகள் திறக்காதபடி வைத்துவிடுங்கள். மிரட்டலைப் படமெடுத்து நடுவரிடம் கொடுங்கள்.

இன்னொரு வகை நட்பாக வரும். "முதல் செட்டை மட்டும் விட்டுக்கொடு, இரண்டாயிரம் டாலர்." பட்டம் வென்றால் கிடைப்பதற்குச் சமமான தொகை என்று தெரிந்தே கேட்கிறார்கள். மறுத்தால் மட்டும் போதாது. அப்படி ஒருவர் அணுகினார் என்பதைத் தெரிவிக்காமல் இருப்பதும் விதிமீறல். ஆகவே பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: யார் கேட்டாலும், எந்த ஊரிலிருந்தாலும், நள்ளிரவானாலும் முதல் போன் வீட்டுக்கு, இரண்டாவது நேர்மை அமைப்புக்கு. வீட்டில் திட்டுவார்கள் என்ற பயம் இருந்தால் முதல் போன் வராது.

தோற்ற இரவு

முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு, ஆட்டம் முடிந்து வரும் வழியிலேயே பேச ஆரம்பித்தது. "அந்த இரண்டாவது சர்வ்..." என்று தொடங்குவேன். ஒரு நாள் அவன் ஆட்டோவில், "மாமா, சாப்ட்டுட்டுப் பேசலாமுங்களா" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாப்பிட்டோம், தூங்கினோம், மறுநாள் காலை அவனே நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தான்.

அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. எதிராளி பெயர், தரை, பந்து, எத்தனை பவுண்டு, என்ன சாப்பிட்டான், எத்தனை மணிநேரம் தூங்கினான், எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று அவன் கையால் நாலைந்து வரி. பின்பக்கத்தில் என் கையெழுத்தில் செலவு. மூன்று வருடம் கழித்துப் புரட்டினால், இரவு விமானத்தில் போய் மறுநாளே ஆடிய ஏழு ஆட்டத்தில் ஆறில் தோற்றிருக்கிறான் என்று தெரிகிறது. எந்தக் கோச்சும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, நோட்டு கண்டுபிடித்தது. இப்போது பகல் விமானம்தான், ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும்.

இன்று புதன். அடுத்த மாதத்துக்கான மூன்று ஊர்களை எழுதி அனுப்பியிருக்கிறான். "மொனாஸ்டிர் வேண்டாமுங்க மாமா, இங்கயே ரெண்டு வாரம் இருக்குது, ஒரு வாரம் முழங்காலுக்கு ரெஸ்ட் கொடுத்துக்கறேன்" என்று கீழே ஒரு வரி. பெயர் கொடுத்தாயிற்று. நாளை ஏழரைக்குச் சரிபார்க்கவேண்டும்.